கட்சி வேண்டாம், கடமையும் வேண்டாமா?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள மண்டபத்தில், ஊர்ச் சங்கம் ஒன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. இக்கட்டுரையாளனும் அங்கிருந்தான். கணக்கறிக்கை வாசிக்கப்பட்டது. கட்டட நிதிக்கு வாரி வழங்கியோர் வாயார வாழ்த்தப்பட்டனர். வேறு விடயம் உண்டா எனத் தலைவர் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். “நம்மூரவர் பலர் இங்கே வாடகை அறைகளில் இருக்கிறார்கள். வாக்காளர் இடாப்புத் திருத்தம் நடைபெறும் நாள்களில், ஞாயிறுதோறும் இம்மண்டபத்தில் ஒரு மேசை போட்டுப் படிவம் நிரப்ப உதவினால் என்ன?” என்றார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, சங்கத்துக்குள்ளே அரசியலைக் கொண்டுவரப்படாது. யாப்பிலே இருக்கிறது” என்றார். கரகோஷம் எழுந்தது. அதன்பின் தேநீர்.

அதே மண்டபத்தை, அதே மேடையை, முந்திய தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருந்த வேளையிலும் நாம் கண்டோம். அன்று பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினராக வீற்றிருந்தவர் ஒரு கட்சியின் அபேட்சகர். பொன்னாடை போர்த்தினர், மாலை சூட்டினர், ‘நம் சமூகத்தின் காவலர்’ என்று வரவேற்புரையில் புகழ்ந்தனர். அவர் தம் கட்சியின் சின்னத்தையும் தம் இலக்கத்தையும் மறவாமல் எடுத்துரைத்துவிட்டே இறங்கினார். அன்று எவருக்கும் யாப்பு நினைவுக்கு வரவில்லை!

அறிவுடையோரே, இவ்விரண்டில் எது அரசியல்? வாக்குரிமை இழந்து நிற்கும் குடிமகனுக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அரசியலாம். வாக்குக் கேட்டு வந்தவருக்குச் சங்கத்தின் மேடையையும் மரியாதையையும் தூக்கிக் கொடுப்பது பண்பாடாம். தலைகீழாக நிற்பவனுக்கு உலகம் முழுதும் தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பென்ன இருக்கிறது!

ஊரிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை

இளைஞர் கேட்டது சிறு காரியமன்று. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து வெள்ளவத்தைக் கடலோர ஒழுங்கைகள் வரை தமிழர் குடியிருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கீழே வீட்டுக்காரர், மேலே நான்கு அறைகள், அறைக்கு இருவர். இடாப்பைப் புரட்டினால் வீட்டுக்காரரின் குடும்பம் மட்டுமே அதிலிருக்கும். ‘பெயரைப் பதிய விட்டால் நாளைக்கு வீடும் தன்னுடையது என்பான்’ என்ற அச்சம் வீட்டுக்காரரை ஆட்டிப் படைக்கிறது. அச்சத்துக்கு ஆதாரமில்லை. சட்டம் பார்ப்பது ஒருவர் சாதாரணமாக எங்கே வதிகிறார் என்பதையே. இடாப்பில் பெயர் ஏறுவதால் வீட்டின்மீது எந்த உரித்தும் பிறந்துவிடாது. இதனை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? கட்சிக்காரர் சொன்னால் ‘தன் வாக்குக்காகச் சொல்கிறான்’ என்பார்கள். சொந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர், அவ்வீட்டுக்காரரோடு ஒரே பாடசாலையிற் படித்தவர், சொன்னாற் கேட்பார்கள்.

மறுபுறம், ஊரிலுள்ள கிராம சேவகர் அவ்விளைஞரைக் குறித்து ‘கொழும்பில் வசிப்பவர்’ என்று எழுதிப் பெயரை நீக்கிவிடுகிறார். அதுவும் சட்டப்படி சரியே. ஆகவே அவர் ஊர் இடாப்பிலும் இல்லை, கொழும்பு இடாப்பிலும் இல்லை. வரி கட்டும்போது மட்டும் அவர் இந்நாட்டின் முழுக் குடிமகன்.

2007 யூன் 7ஆம் திகதி விடிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டதை நாம் மறக்கவில்லை. ‘தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தோர்’ என்பதே அன்று அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அம்மனுவைக் கொண்டு சென்றது எந்தக் கட்சியுமன்று. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்னும் கட்சி சாரா நிறுவனம். வாக்காளர் இடாப்பில் ஏறிய பெயர் ஒருவனை அன்று காத்திருக்கும் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் ஒரு நகரத்திற் பல்லாண்டு வாழ்ந்தும் அந்நகரத்தின் எந்த ஏட்டிலும் பெயரில்லாதவனை, அதிகாரத்தில் உள்ளவர் எவரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை என்பதை எவர் மறுப்பார்?

களனியைப் பாருங்கோ!

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு தலைவர் எம்மிடம் வந்தார். நல்லவர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், எம்மீது அன்புடையவர். “கோபிக்காதேங்கோ. கோயிலும் சங்கமும் தேர்தலுக்குள்ளே காலை வைத்தால் என்ன நடக்கும் எண்டதுக்குக் களனியைப் பாருங்கோ” என்றார்.

பார்ப்போம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆற்றைக் கடந்தால் எட்டும் தூரத்திலுள்ள இடமே அது. ஆனால் பார்ப்பதை முழுமையாகப் பார்ப்போம்.

களனியின் வித்தியாலங்காரப் பிரிவேனாவிலிருந்து 1946இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பிக்குவும் சமூகத்தின் ஓர் அங்கம். மக்கள் நலம் பற்றிய காரியங்களில் வாய் திறக்க அவருக்கும் உரிமையுண்டு என்பது அதன் சாரம். வல்பொல ராகுல தேரர் அதே ஆண்டில் இக்கருத்தை நூலாகவும் விரித்தெழுதினார். எவர் எத்துணை எதிர்த்தாலும், அக்கூற்றளவில் அதில் நாம் பிழை காணவில்லை. துறவியானாலும் ஆசிரியரானாலும் சங்கத்துச் செயலாளரானாலும், குடிமகன் குடிமகனே.

பிழை அங்கே பிறக்கவில்லை. பத்தாண்டு கழித்துப் பிறந்தது. 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை முன்னிட்டு ‘எக்சத் பிக்கு பெரமுன’, அதாவது ஐக்கிய பிக்கு முன்னணி, திரண்டது. அதன் செயலாளர் களனி ராஜமகா விகாரையின் அதிபதி மாப்பிட்டிகம புத்தரகித்த தேரர். முன்னணி பத்து அம்சங்களை வகுத்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி அவற்றை ஏற்றது. அதற்குப் பின்னர் பிக்குகள் வீடுவீடாக ஏறி இறங்கினர். விகாரையின் மணியும் மேடையும் மரியாதையும் ஒரே கட்சியின் பக்கம் சாய்ந்தன. ஏப்பிரலில் முடிவு வந்தது: மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 51 ஆசனங்கள், ஆண்டுவந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டே எட்டு. 1943 முதல் களனியின் பிரதிநிதியாக இருந்த ஜே. ஆர். ஜயவர்தனா, ஆர். ஜி. சேனநாயக்காவிடம் தோற்றார். இத்தனைக்கும் அவர் யார்? அவ்விகாரையைப் புதுப்பிப்பதற்குப் பொருளை வாரி இறைத்த ஹெலனா விஜயவர்தனா அம்மையாரின் மகள் வயிற்றுப் பேரன்! அறக்கொடையால் வரும் செல்வாக்கை நம்பித் தேர்தலில் நிற்போர் சற்று நின்று நினைக்க வேண்டிய இடம் இது.

வென்றவர் கொண்டுவந்த சட்டம் யாதென்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் சுட்டிக்காட்ட வருவது வேறு. தேர்தலில் ஒரு கட்சிக்கு உழைத்த சங்கம், தேர்தல் முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை. அது கடன் கொடுத்தவனைப் போல வாயிலில் வந்து நிற்கிறது. 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். 1958 ஏப்பிரல் 9ஆம் திகதி ரொஸ்மீட் பிளேஸிலுள்ள பிரதமரின் இல்லத்து வாயிலில் முன்னணிப் பிக்குகள் வந்து அமர்ந்தனர். உடன்படிக்கை கைவிடப்பட்டதென்று பிரதமர் எழுதிக் கொடுத்த பின்னரே அவர்கள் எழுந்தனர். அவர்களை மறுக்க அவரால் முடியவில்லை. ஏன்? அவருடைய ஆசனத்தின் ஒரு காலை அவர்களே தாங்கி நின்றார்கள். அவ்வுடன்படிக்கை நிலைத்திருந்தால் நாடு எவ்வழி சென்றிருக்கும் என்று எண்ணிப் பெருமூச்செறியாத தமிழர் உண்டோ?

பின்னர் நடந்ததை நாடறியும். 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி அதே இல்லத்தில் தல்துவே சோமராம தேரரின் துப்பாக்கிக்குப் பிரதமர் இலக்கானார், மறுநாள் மாண்டார். சதியின் சூத்திரதாரி புத்தரகித்தரே என்று நீதிமன்றம் தீர்த்தது. சோமராமர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். புத்தரகித்தரின் மரண தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. அவர் 1967இல் சிறையிலேயே இறந்தார். எதிர்பார்த்த வணிக நலன்கள் கிட்டாத ஏமாற்றமே பகையாக முற்றியதென்று வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது.

களனியின் கதையிலிருந்து தலைவர் எடுத்த பாடம், ‘தேர்தல் பக்கமே போகக் கூடாது’ என்பது. நாம் கேட்கிறோம்: களனி விகாரை மக்களுக்கு இடாப்பில் பெயர் பதிந்து கொடுத்ததாலா அந்நிலைக்கு வந்தது? எல்லா அபேட்சகரையும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டதாலா வந்தது? ஒருவருக்கு மேடை கொடுத்தது. அவரிடம் பதிலுபகாரம் எதிர்பார்த்தது. அங்கேதான் கெட்டது. அப்படியானால் களனியின் வழியிற் சென்றவர் எவர்? மேசை கேட்ட இளைஞரா, பொன்னாடை போர்த்திய தலைவரா?

நம் முற்றத்துக் குப்பை

பிறர் விகாரையைக் காட்டிவிட்டு நம் முற்றத்தைக் கூட்டாமல் விடுவது நேர்மையாகாது. 2005 நவம்பர் 17ஆம் திகதி சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. விடுதலைப் புலிகளின் நிலைப்பாட்டை ஒட்டி, மக்கள் அமைப்புகள் என்ற பெயரில் வாக்களிக்க வேண்டாமென்ற அறிவித்தல்கள் பறந்தன. நாடளாவிய வெற்றியின் வித்தியாசமோ ஏறத்தாழ 1,80,000 வாக்குகள். எவர் வென்றிருந்தால் நன்று என்ற விசாரணையை வரலாற்றாசிரியருக்கு விடுவோம். மக்கள் அமைப்பு என்று பெயர் சூடியவை மக்களின் கையிலிருந்த துரும்பையே கீழே போடச் சொன்னது எவ்வகை நடுநிலை என்பதே நமது கேள்வி.

2015 டிசெம்பரில் தமிழ் மக்கள் பேரவை தோன்றியது. தான் கட்சியன்று, மக்கள் இயக்கமே என்று அது அறிவித்தது. ‘எழுக தமிழ்’ என்று பல்லாயிரவரைத் திரட்டியது. 2018 ஒக்டோபரில், வட மாகாண சபையின் காலம் முடிந்த அதே வேளையில், பேரவையின் இணைத் தலைவர் சி. வி. விக்கினேசுவரன் பேரவையின் கூட்டமொன்றிலேயே தமது புதிய கட்சியை அறிவித்தார். கட்சி தொடங்குவது குற்றமன்று. அது எவருக்கும் உள்ள உரிமை. ஆனால் ‘இது கட்சியன்று’ என்ற சொல்லை நம்பி வந்தவர், அன்று மாலை வீடு திரும்பும்போது என்ன நினைத்திருப்பார்? பேரவையின் மதிப்பு அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. நடுநிலை என்னும் பாத்திரம் ஒரு முறை உடைந்தால் ஒட்டுவது அரிது.

நீதிமன்ற வாயிலில் நின்றவர்கள்

மறுபக்கத்தைப் பார்ப்போம். ‘பெப்ரல்’ என்று மக்கள் அறிந்த தேர்தற் கண்காணிப்பு அமைப்பு 1987இல் தொடங்கியது. தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997இல் எழுந்தது. 1999 யனவரி 25ஆம் திகதி வடமேல் மாகாண சபைத் தேர்தலில் வாக்குப் பெட்டிகளுக்கு நேர்ந்த கதியை, இடம், நேரம், சாவடி சகிதம் எழுதி நாட்டுக்கு உரைத்தவர்கள் இத்தகையோரே. தோற்ற கட்சி கூறியிருந்தால் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

அதே மாதம் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அரசாங்கம் 1998 ஓகஸ்டில் அவசரகால விதியைக் காட்டி நிறுத்தியிருந்தது. வருண கருணாதிலக்க, சுனந்த தேசப்பிரிய என்னும் பத்திரிகையாளர் இருவர், அபேட்சகராக அன்றி வெறும் வாக்காளராக, உயர் நீதிமன்றத்தை நாடினர். வாக்களிப்பதும் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பு கூறியது. ஏப்பிரலில் ஐந்து மாகாணங்களிலும் தேர்தல் நடந்தது. எவர் வெல்ல வேண்டும் என்று அவ்விருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அண்மைக் கதை இன்னும் கூர்மையானது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெற வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், ‘காசில்லை’ என்று நிறுத்தப்பட்டது. பெப்ரல் அமைப்பின் பணிப்பாளரும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் வழக்குத் தொடுத்தனர். ஐக்கிய மக்கள் சக்தியினரும் தேசிய மக்கள் சக்தியினரும் அதே காரணத்துக்காக வழக்குத் தொடுத்தனர். ‘பார்த்தீர்களா, கட்சிகளோடு கைகோத்து நிற்கிறார்கள்!’ என்று அன்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாதத்துக்குள் தேசிய மக்கள் சக்தி சனாதிபதிப் பதவியைப் பெற்றது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நேற்று நீதிமன்ற வாயிலில் அருகே நின்ற கட்சி அரசாங்கமாகிவிட்டது. கண்காணிப்போரோ நின்ற இடத்திலேயே நின்று, 2014 ஊவாத் தேர்தலுக்குப் பின் பத்தாண்டு கடந்தும் மாகாண சபைத் தேர்தல் எங்கே என்று அந்த அரசாங்கத்தையே கேட்டார்கள். அருகில் நிற்பவர் எவர் என்பதை வைத்து நடுநிலையை அளக்கலாகாது. அவர் ஆசனத்தில் ஏறிய பின்னரும் கேள்வி மாறாதிருக்கிறதா என்று பாருங்கள்.

இது நம் நாட்டில் மட்டும் கண்ட வழியன்று. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1986இல் மார்க்கோஸ் நடத்திய தேர்தலின்போது, ‘நம்பிரல்’ என்னும் தொண்டர் அமைப்பு சாவடி சாவடியாகத் தானே எண்ணிக்கை எடுத்து, அரசாங்கக் கணக்கின் பொய்யை வெளிச்சமாக்கியது. இந்தியாவில் 1999இல் பேராசிரியர் சிலர் தொடங்கிய சனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கினால், அபேட்சகர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வியையும் சத்தியக் கடதாசியில் வெளியிட வேண்டுமென்று 2002இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் விதித்தது. அமெரிக்காவிலே வரிவிலக்குப் பெறும் தரும நிறுவனங்கள் எந்த அபேட்சகரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாதென 1954இல் சட்டம் வகுக்கப்பட்டது. பாரபட்சமின்றி வாக்காளரைப் பதிவு செய்வதை அது தடுக்கவில்லை. அவ்விதியைத் தேவாலயங்களுக்குத் தளர்த்த வேண்டும் என்ற ஆரவாரம் அங்கும் ஓய்ந்தபாடில்லை; ஆசை எத்தேசத்திலும் ஆசைதானே!

கோடு எங்கே?

இனி, வெள்ளவத்தைக்கே திரும்புவோம். சங்கம் வாக்காளனின் கையைப் பிடித்துச் சாவடி வாயில்வரை போகலாம். சாவடிக்குள்ளே எந்தக் கட்டத்தில் புள்ளடி இடுவது என்பதில் அதற்கு வேலையில்லை. சொல்வதற்கு எளிதான கோடு. நடைமுறையிலே சறுக்கும் இடங்கள் பல.

மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு கட்சி வருகிறது. கொடுக்கலாம், அதே வாடகைக்கு, அதே நிபந்தனைக்கு, எல்லாருக்கும். இலவசமாக ஒருவருக்குக் கொடுத்தால் அது நன்கொடை. அபேட்சகர்களோடு ஒரு சந்திப்பு வைக்கலாம். அழைப்பு எல்லாருக்கும் போக வேண்டும். நேரம் சமமாக இருக்க வேண்டும். வராதவரின் நாற்காலி பெயர்ப்பலகையோடு வெறுமையாக இருக்கட்டும். பொலிஸ் நிலையத்திலும் அரசாங்கக் கந்தோரிலும் தமிழிலே காரியம் நடக்க என்ன செய்வீர் என்று கேட்கலாம். தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் கூறிவிட்ட பின் அதைக் கேட்க எவருக்கு அஞ்ச வேண்டும்? ஒரு கட்சி அக்கோரிக்கையை ஏற்று, மற்றது மறுத்தால், இரு பதில்களையும் ஒரு சொல்லும் குறையாமல் அச்சிட்டு உறுப்பினர் கையிற் கொடுக்கலாம். ‘ஆகவே இன்னாருக்கு வாக்களிப்பீர்’ என்று அதன் அடியில் ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரியிலே களனி வந்துவிடும்.

தலைவரே அபேட்சகராக நின்றால்? நிற்கட்டும், நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளில் நாற்காலியை விட்டு இறங்கட்டும். சங்கத்தின் கடிதத் தாளையும் வாட்ஸ்அப் குழுவையும் உறுப்பினர் இடாப்பையும் விட்டுவிட்டுப் போகட்டும். முக்கியமாக அந்த உறுப்பினர் இடாப்பு! தொலைபேசி இலக்கங்களோடு அதைக் கட்சிக் கந்தோருக்குக் கொடுப்பவரை நாம் திருடர் என்றே அழைப்போம்.

கட்டட நிதியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து ஒரு காசோலை வருகிறது. அதற்கொரு விழா, விழாவுக்கொரு மாலை. அது அவர் வீட்டுப் பணமா? நம் வரிப்பணம் நம்மிடம் திரும்பி வருவதற்கு நாம் ஏன் குனிய வேண்டும்? தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் முடிவு வரும்வரை எவரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்ற எத்தனை நிமிடம் செல்லும்?

அரசாங்கம் பழிவாங்கும் என்பார் சிலர். அச்சம் வெறும் கற்பனையென்று நாம் சொல்லமாட்டோம். தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யவும் விசாரிக்கவும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ‘என்.ஜீ.ஓ.காரன்’ என்ற சொல்லைத் ‘துரோகி’ என்ற பொருளிலே வழங்கிய மேடைகளும் இருந்தன. ஆனால் அச்சட்டத்தின் வாயில் விழுபவை கணக்கை மறைத்த சங்கங்களும் ஒரு பக்கம் சாய்ந்த சங்கங்களுமே முதலில் விழும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, எல்லாருக்கும் ஒரே வாடகை, எல்லார் கண்ணுக்கும் திறந்த கணக்கு என்றிருப்பவரைத் தொட, தொடுபவர் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

அன்று இளைஞர் கேட்டது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம். கூட்டக் குறிப்பேட்டில் அவருடைய பிரேரணை ‘ஒழுங்குக்குப் புறம்பானது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த இடாப்புத் திருத்தம் தொடங்கும்போது அவர் அதே பிரேரணையை மீண்டும் கொண்டுவருவார், எம்மிடம் சொல்லியிருக்கிறார். அதை வழிமொழிய நாம் எழுந்து நிற்போம். தலைவர் அன்றும் யாப்பைக் காட்டினால், பரிசளிப்பு விழாவின் புகைப்படத்தை நாமும் கையோடு கொண்டு போவோம்.